மாப்பிள்ளை வாட்ச்சும் சனிக்கிழமை பத்து பத்தும்

போன வாரம் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கைக்கடிகாரத்துக்கு வெளிச்சம் போட்டோம்.

வாட்ச்சுக்கு எதற்கு வெளிச்சம், ஸ்விட்ச்சைப் போட்டால் முடிந்தது என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முழுதாக ஒரு பகல் கறுப்புச் சட்டையில் நின்று வியர்த்த பிறகு சொல்கிறேன் — ஒரு கல்யாண மண்டபத்துக்கு சீரியல் லைட் கட்டுவது இதைவிடச் சுலபம்.

என் மகள் இலக்கியாவைப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: இன்ஜினீயரிங் படித்தாள், கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது, அப்பாடா என்று நான் சாய்ந்து உட்கார்ந்த நேரத்தில் வேலையை விட்டுவிட்டுப் புதுக்கோட்டைக்கே திரும்பி வந்தாள். பொருட்களை போட்டோ எடுப்பதுதான் இனி தன் தொழில் என்றாள். மனிதர்களை இல்லை, பொருட்களை. ஊறுகாய் பாட்டில், ஊதுபத்தி டப்பா, சேலை, செருப்பு... கடைக்காரர்கள் ஆன்லைனில் விற்க வேண்டுமே, அதற்கு.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முகம் என்று ஒன்று இருக்கிறதே. அதைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "ஒரு பெரிய ஆர்டராச்சும் நிக்கணும்ப்பா. நிக்கலேன்னா நானே பொட்டியக் கட்டிக்கிட்டு கோயம்புத்தூருக்குப் போயிர்றேன்."

அந்தப் பெரிய ஆர்டர் அறந்தாங்கியிலிருந்து வந்தது.

கருணாகரன் என்று ஒருவர். மஸ்கட்டில் வாட்ச் கடையில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்து, அறந்தாங்கியில் சொந்தக் கடை போட்டிருப்பவர். அந்த ஊரில் வாட்ச் விற்பது லேசான காரியம் இல்லை. பாதி வீட்டில் ஒரு ஆள் வெளிநாட்டில். லீவில் வரும்போதெல்லாம் வாட்ச் பெட்டியில்தான் வருகிறது. அப்புறம் கடையில் யார் வாங்குவார்கள்? கருணாகரன் யோசித்தார். வெளிநாட்டு மச்சான் எத்தனை வாட்ச் கொண்டுவந்தாலும், கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பெண்வீடு போடும் வாட்ச்சைப் பெண்வீடுதானே வாங்கியாக வேண்டும்? அதற்கென்றே ஒரு வாட்ச்சைத் தன் கடைப் பெயர் போட்டுத் தயாரிக்கச் சொல்லி, சரக்கையும் இறக்கிவிட்டார். கருநீல டயல், பொன்னிற முட்கள், கிழமையும் தேதியும் தெரிய ஒரு சின்ன ஜன்னல். பேட்டரி கிடையாது, கை அசைவிலேயே ஓடும்.

ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் ஃபிளெக்ஸ் போர்டில் படம் ஏற வேண்டும். படம் நன்றாக இருந்தால் மற்ற மாடல்களும் இலக்கியாவுக்கே. ஒரே ஒரு வாட்ச்சைத் துணியில் சுற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

வெளிச்சத்துக்கு வருகிறேன்.

வாட்ச் என்பது என்ன? நேரம் காட்டும் கருவி என்பீர்கள். காமிராவைக் கேட்டால், அது கண்ணாடி. டயலுக்கு மேலே கண்ணாடி, சுற்றிலும் கண்ணாடி மாதிரி மெருகேற்றிய ஸ்டீல். எதிரே எது இருந்தாலும் தனக்குள் காட்டிவிடும். ஒரு விளக்கை நேராக அடித்தால் டயலின் நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு. நேரமும் தெரியாது, கடைப் பெயரும் தெரியாது. விளக்கை அணைத்தால் ஸ்டீல் முழுக்கக் கறுத்து, இரும்புக்கடைச் சாமான் மாதிரி ஆகிவிடும்.

"வாட்ச்சுக்கு லைட் போடக்கூடாதுப்பா. வாட்ச் எதைப் பாக்குதோ அதுக்கு லைட் போடணும்" என்றாள் இலக்கியா.

புரியவில்லை. செய்து காட்டினாள். வாட்ச்சுக்கு மேலே கூடாரம் மாதிரி டிரேசிங் பேப்பரைக் கட்டி, அதற்கு வெளியே விளக்கை வைத்தாள். இப்போது வாட்ச்சுக்கு விளக்கு தெரியாது, வெளுத்த பேப்பர்தான் தெரியும். விளக்கைப் பேப்பரின் ஒரு ஓரத்துக்கு நகர்த்தினாள். ஸ்டீலில் ஒரு பக்கம் வெள்ளையாகத் தொடங்கிய வெளிச்சம் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே போய் மறுபக்கம் இருட்டில் முடிந்தது. அந்த மங்கலில்தான், தட்டையாகத் தெரிந்த வாட்ச் திடீரென்று உருண்டு திரண்டு எழுந்து உட்கார்ந்தது. சொல்லத் தெரியவில்லை... பார்க்க வேண்டும் அதை.

பக்கவாட்டுக்குப் பேப்பர் போதவில்லை. பீரோவிலிருந்து என் பட்டுக்கரை வேட்டியை எடுத்துத் தொங்கவிட்டாள். படத்தில் ஸ்டீல் ஓரமாகப் பச்சைக் கோடு ஒன்று. வேட்டியின் கரை. கரையை மடித்து உள்ளே தள்ளினோம். அடுத்த படத்தில் வெள்ளையாக, நீளமாக, புழு மாதிரி ஒன்று நெளிந்தது. அது என்ன என்று இருவரும் தேடினோம். என் பனியன்.

அப்படித்தான் நான் கறுப்புச் சட்டைக்கு மாறினேன். வாசலில் பால் வாங்கப் போனபோது பக்கத்து வீட்டுக்காரர், ஆடி மாதத்திலேயே மாலை போட்டுவிட்டீர்களா சார் என்று பக்தியோடு விசாரித்தார்.

ஃபேன் போடக்கூடாது, வேட்டி ஆடும். ஜன்னலைத் திறக்கக்கூடாது, வெயில் உள்ளே வரும். பொன்னிற முட்கள் கருநீல டயலில் கறுத்துத் தெரிந்தன. அவற்றுக்காக மட்டும் ஸ்டாம்ப் அளவில் ஒரு வெள்ளை அட்டையை வெட்டி, டயலை நோக்கிச் சாய்த்து என்னைப் பிடிக்கச் சொன்னாள். அரை விரல் சாய்த்தேன் — முள் எரிந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன் — அணைந்தது. இதற்கு நடுவில் ஓர் இடம். அந்த இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நான் நிற்க, அவள் எடுத்தாள். டயலுக்கு ஒரு படம், முள்ளுக்கு ஒரு படம், ஸ்ட்ராப்புக்கு ஒரு படம். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சேர்த்து ஒன்றாக்குவாளாம்.

லேப்டாப்பில் பெரிதாக்கிக் காட்டினாள். என் பெண் எடுத்தது என்பதற்காகச் சொல்லவில்லை. கையை நீட்டி எடுத்துக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அங்கேயே நான் எழுந்து போய்க் குளித்திருக்கலாம்.

முட்கள் பத்து பத்தில் நின்றன. வாட்ச் விளம்பரம் எல்லாவற்றிலும் அப்படித்தான், முட்கள் இரண்டு பக்கமும் கை விரித்தால் நடுவே கடைப் பெயர் மறைக்காமல் தெரியும் என்று இலக்கியா முன்பே சொல்லியிருந்தாள். சரி. பக்கத்திலேயே கிழமை ஜன்னல். அதில் சனிக்கிழமை என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்து. அனுப்பியபோதே அப்படித்தான் வந்திருந்தது.

சனிக்கிழமை. பத்து பத்து.

நான் ராகு காலம் பார்க்கிறவன் இல்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு மத்தியிலேயே இத்தனை வயதும் வாழ்ந்தவன். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை என்ன என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நீங்களும் சொல்வீர்கள்.

"ஏன் ஆத்தா... இது ராகு காலம்ல?" என்றேன்.

அவள் சிரித்தாள். போட்டோவில் என்ன ராகு காலம் என்றாள். போட்டோவில் இல்லை, ஃபிளெக்ஸில் என்றேன். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆளுயரத்துக்கு மாப்பிள்ளை வாட்ச் நிற்கும். அதில் பட்டப்பகலில் ராகு காலம் ஓடும். பெண்ணைப் பெற்றவன் ஒருத்தன் நின்று அண்ணாந்து பார்ப்பான்...

சிரிப்பு நின்றது. அவளே கருணாகரனுக்கு போன் போட்டுக் கேட்டாள்.  ஸ்பீக்கரில் அவர் குரல்: "ஆத்தாடி... நல்ல வேளைக்குச் சொன்ன பாப்பா. ஞாயித்துக்கெழமைன்னு மாத்திரு."

எனக்குப் பெருமை. ஹாலில் இரண்டு நடை நடந்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

இலக்கியா துணிக் கையுறையோடு வாட்ச்சை எடுத்தாள். ஓரத்திலிருக்கும் குமிழைக் கொஞ்சம் இழுத்துத் திருகினால் கிழமை மாறும். திருகினாள். ஜன்னலில் சனி மெல்ல மேலே ஏறியது. கீழிருந்து ஞாயிறு எட்டிப் பார்த்தது. உள்ளே டக்கென்று ஒரு சின்னச் சத்தம்.

அவ்வளவுதான். மேல் பாதி சனி, கீழ் பாதி ஞாயிறு, நடுவே ஒரு கோடு. குமிழ் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றியது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

அந்தச் சத்தம் இருக்கிறதே, இதை எழுதும்போதும் காதில் கேட்கிறது. மோட்டார் வெடிக்கும் சத்தத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அடுத்தவர் பொருள் நம் பிள்ளை கையில் டக்கென்று சொல்வதைத் தாங்க முடியாது.

சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்த என் மனைவி விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். "நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா சனிக்கெழமை சனிக்கெழமையாவே இருந்திருக்கும்" என்றாள்.

இலக்கியா கையுறையைக் கழற்றி வைத்தாள். நான்தான் பேசினேன். பயந்தவன் நிறையப் பேசுவான். படம்தான் ஏற்கெனவே எடுத்தாயிற்றே, கம்ப்யூட்டரில் ஞாயிறு என்று மாற்றிவிட முடியாதா? முடியும் என்றாள். அப்படியானால் படத்தைக் கொடுத்துவிடு, வாட்ச்சைத் துணியில் சுற்றியபடி திருப்பி அனுப்பிவிடு. வழியில் என்ன ஆனதென்று யாருக்குத் தெரியும்? அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனையை நானே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

காலையில் இருவரும் அறந்தாங்கி பஸ் ஏறினோம். அவளைத் தனியாக அனுப்ப மனமில்லை. என்னைக் கூட்டிப்போக அவளுக்கும் மனமில்லைதான். ஆனாலும் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள்.

பஸ்ஸில் என் அடுத்த யோசனையை எடுத்து வைத்தேன். ராத்திரி முழுக்க ஊறவைத்தது. வாட்ச்சைத் திருகியது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன். வயசானவன், ஆர்வக்கோளாறு, தெரியாமல் செய்துவிட்டேன் — மனிதர் என்னைத் திட்டிவிட்டுப் போகட்டும். உன் பெயர் கெடாது.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் திரும்பினாள்.

"நீங்க திருகுனீங்கன்னு சொன்னா அவரு என்ன நெனைப்பாரு? கஸ்டமர் பொருளை வீட்டுல உள்ளவங்க கையில எல்லாம் குடுக்குற பொண்ணுன்னு நெனைப்பாரு. நான் திருகுனேன்னு சொன்னா, திருகத் தெரியாத பொண்ணுன்னு நெனைப்பாரு. தெரியாதத நான் கத்துக்கிருவேன்ப்பா. அந்த இன்னொண்ணுக்கு மருந்து இல்ல."

அறந்தாங்கி வந்து இறங்கினோம்.

கடையில் கருணாகரன் எழுந்து நின்று வரவேற்றார். காபி சொல்லட்டுமா சார் என்று என்னைக் கேட்டார். அதற்குள் இலக்கியா துணியைப் பிரித்து வாட்ச்சைக் கண்ணாடி மேஜையில் வைத்தாள். "அண்ணே, கிழமை மாத்தும்போது என் கையில சிக்கிருச்சு. படம் எல்லாம் அதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு. ஆனா இது நேத்து என்னால ஆனது."

சுற்றி வளைக்கவே இல்லை.

அவர் காபியை மறந்தார். ஒரு கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு குனிந்தார். குமிழை இழுத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"முள்ளு எங்க நிக்கயில திருகுன?"

"பத்து பத்துல."

"பகல் பத்தா, ராப் பத்தா?"

வாட்ச்சில் அது எப்படித் தெரியும் என்றாள். தெரியாது, ஆனால் உள்ளே இருக்கும் சக்கரத்துக்குத் தெரியும் என்றார். இரவு ஒன்பது தாண்டினால் அந்தச் சக்கரம் மறுநாள் கிழமையைத் தள்ள ஆரம்பித்துவிடுமாம். அந்த நேரத்தில் நாமும் வெளியிலிருந்து தள்ளினால் பல்லோடு பல் மோதும். விடியற்காலம் வரைக்கும் கிழமையையோ தேதியையோ தொடக்கூடாது. நம் கண்ணுக்கு ஒரே பத்து பத்துதான். அந்த வாட்ச்சுக்குள் அப்போது இரவு.

"மஸ்கட்ல கடை கூட்டுறவனுக்குக்கூட இது தெரியும் பாப்பா" என்றார். குரல் ஏறியது. முகூர்த்தம் நெருங்குகிறது, போர்டு அடிக்கிறவன் காத்திருக்கிறான், நல்ல ஆளிடம்தான் கொடுத்தேன் போ, என்று கொட்டினார். நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் என் செருப்பின் மேல் ஒரு செருப்பு அழுத்தியது. மூடிக்கொண்டேன்.

அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "எனக்குத் தெரியலண்ணே. நீங்களும் சொல்லல. தப்புதான், கேட்டுட்டுத் திருகியிருக்கணும்." சிக்கிய வாட்ச்சைத் தன் பக்கம் நகர்த்தினாள். "ஒண்ணு கேக்குறேன். மாப்பிள்ளைக்கு இந்த வாட்ச்ச எப்பண்ணே கட்டுவாங்க?"

"எப்பன்னா... மொத நா ராத்திரி. மாப்பிள்ளை அழைப்பு, நிச்சயம் எல்லாம் முடிஞ்சு..."

அவர் கண் சிக்கிய வாட்ச்சுக்குப் போனது.

எனக்கு உடனே வல்லத்திராக்கோட்டைக் கல்யாணம் ஒன்று கண்ணில் வந்தது. என் மனைவி வழியில் சொந்தம். நிச்சயம் முடிந்து, பந்தி முடிந்து, மாப்பிள்ளையைச் சுற்றி நண்பர்கள் கூட்டம். புதுப் பெட்டியைப் பிரித்தார்கள். வாட்ச்சைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை அடுத்து என்ன செய்தான்? செல்போனைப் பார்த்து நேரம் வைத்தான், தேதி வைத்தான். மணி அப்போது எப்படியும் பத்துக்கு மேல்.

எல்லாக் கல்யாணத்திலும் அதேதானே?

"அப்ப வாங்குற மாப்பிள்ளை எல்லாரும் நான் திருகுன நேரத்துலதான் திருகுவாங்க" என்றாள் இலக்கியா. குத்திக்காட்டும் குரல் இல்லை. நிஜமாகவே கவலைப்பட்டுச் சொன்னாள். "தாலி கட்டுறப்ப கையில பாதிச் சனி, பாதி ஞாயிறு நிக்கும்ண்ணே."

கருணாகரன் ஸ்டூலில் உட்கார்ந்தார். பின்னால் அலமாரியில் அந்த வாட்ச் பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. திரும்பி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மஸ்கட்டில் அவர் பகலில் கடைக்கு வருகிறவர்களுக்கு விற்றவர். நம் ஊர் மாப்பிள்ளைக்கு இரவில் வாட்ச் கட்டும் வழக்கம் அவருக்குத் தெரியாதா? தெரியும். அவரே அப்படிக் கட்டிக்கொண்டவர்தான். இரண்டையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார்: "முகூர்த்தம் என்னைக்குன்னு கேட்டு, நானே நாள் கெழமை எல்லாம் வச்சு, ஓட விட்டுத்தான் குடுக்கணும். பகல்ல." பிறகு சிக்கிய வாட்ச்சை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டார். திறந்து பார்த்துப் பல் போயிருந்தால் மாற்றிக்கொள்கிறேன், அது என் பாடு என்றார்.

"படத்தக் காட்டு" என்றார்.

லேப்டாப்பைத் திருப்பினாள். பார்த்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தார். லென்ஸைக்கூடக் கண்ணில் வைக்கப் போய், லேப்டாப்புக்கு அது எதற்கென்று இறக்கிக்கொண்டார். ஸ்டீலில் வெளிச்சம் மங்கிக்கொண்டே போய் இருட்டில் கரையும் இடத்தை விரலால் தொடர்ந்தார். "லைட்டே தெரியலையே. எங்கிட்டிருந்து வருது இது?" என்றார்.

அவள் விளக்கினாள். வேட்டிக் கரையையும் சொன்னாள். என் பனியனையும் சொன்னாள். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

கிழமையை மட்டும் கம்ப்யூட்டரில் மாற்றினால் போதும்தானே என்றார் கருணாகரன். இலக்கியா யோசித்தாள். முடியும் என்றாள், ஆனால் வேண்டாம் என்றாள். "இன்னொண்ணு குடுங்கண்ணே. பகல் பத்து மணிக்கு வச்சுத் திருகி, நெஜமாவே ஞாயித்துக்கெழமை ஆக்கி எடுத்துத் தாரேன். இப்பத்தான் திருகத் தெரிஞ்சிருச்சே."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். ஒரு பெட்டியை எடுத்தார். பிறகு இன்னொரு மாடல், இன்னொன்று... மேஜையில் அடுக்கிக்கொண்டே போனார். காபி வந்தது.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிடும் போல இருந்தது. சூடு என்று காபி மேல் பழியைப் போட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் பெட்டிகள் அவள் மடியில் இருந்தன. நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று கை நீட்டினேன். பரவாயில்லை என்றாள். கையை மடக்கிக்கொண்டேன்.

பிள்ளைகளின் தப்பை நம் தலையில் போட்டுக்கொள்வதைத் தியாகம் என்று சொல்லித் திரிகிறோம் நாம் — நான், நீங்கள், நமக்குத் தெரிந்த எல்லா அப்பா அம்மாவும். அன்று நான் அதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கருணாகரன் என்னைத் திட்டியிருப்பார், விஷயம் முடிந்திருக்கும். மாப்பிள்ளைக்கு எப்போது கட்டுவீர்கள் என்ற கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தப்பைத் தன்னுடையது என்று வைத்துக்கொண்டவளுக்குத்தான் அதை அவ்வளவு தூரம் யோசிக்க முடிந்தது. நான் காப்பாற்றப் பார்த்தது அவளை இல்லை. அவள் வேலையை அவளிடமிருந்து பிடுங்கப் பார்த்தேன்.

கோயம்புத்தூர்ப் பேச்சை இப்போது வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அவள் குமிழைத் திருகும்போதெல்லாம் எனக்கு வரும் பயம் மட்டும் இன்னும் போகவில்லை. போகாது. அப்பனாக இருப்பதில் அந்த ஒன்றைத்தான் யாரும் நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.